எஃப்.ஐ. போட்டால் வண்டி பறக்குமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 2016 மாடல் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. வார நாளில் மில் வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஊட்டி, வால்பாறை என்று மலைக்கும் போவேன். செட்டிப்பாளையம் கரி ட்ராக்கில் ட்ராக் டே நடக்கும்போது அங்கேயும் ஓட்டுகிறேன். இப்போது ஹெட் போர்ட்டிங், ரேஸ் கேம், ஹை கம்ப்ரஷன் பிஸ்டன், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் என்று இன்ஜினை முழுதாகச் செய்யப் போகிறேன். என் மெக்கானிக் அண்ணன், "பெரிய ஃப்ளாட் ஸ்லைடு கார்புரேட்டர் போதும், எஃப்.ஐ. போட்டு ஒரு சென்சார் போச்சுன்னா நடுரோட்டுலதான் நிக்கணும்" என்கிறார். கூட ஓட்டும் பசங்களோ, "எஃப்.ஐ. மாத்துனாலே ரெண்டு குதிரை சும்மா வரும்" என்கிறார்கள். செலவை ஒரு தடவைதான் செய்ய முடியும். எதைப் போடுவது?

– வாசகர், சூலூர்

பதில்: தம்பி, சும்மா வரும் அந்த இரண்டு குதிரைகளை முதலில் லாயத்தில் கட்டிவிடுவோம். 2007-இல் பஜாஜ் பல்சர் 220-ஐ எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியாகத்தான் கொண்டுவந்தது. திறன் சுமார் 20 பி.எஸ். இரண்டே ஆண்டில் அதே இன்ஜினில் எஃப்.ஐ.யைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரைப் போட்டது. விலை குறைந்தது, திறன் 21 பி.எஸ். ஆனது. ஊரெல்லாம் ஓடியது இந்த இரண்டாவது வண்டிதான். உங்கள் அப்பாச்சியில் கதை தலைகீழ்: கார்புரேட்டரில் 20.5, பின்னால் வந்த எஃப்.ஐ.யில் 21. ஒரு வண்டியில் கார்புரேட்டருக்கு ஒரு குதிரை கூடுதல், இன்னொன்றில் எஃப்.ஐ.க்கு அரைக் குதிரை. கம்பெனிக்காரர்கள் கேம், ஏர்பாக்ஸ், ஸ்பார்க் டைமிங் ஆகியவற்றை எப்படிச் சேர்த்தார்கள் என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன. பெட்ரோல் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதற்கு அதில் பங்கு சொற்பம்.

இன்ஜினுக்குத் திறன் கொடுப்பது உள்ளே போகும் காற்று. அந்தக் காற்றுக்குத் தக்க பெட்ரோலை அளந்து ஊற்றுவதுதான் இரண்டு கருவிகளுக்கும் வேலை. முழு ஆக்சிலரேட்டரில், ஒரே உயரத்தில், ஒரே பெட்ரோலில், பொறுமையாக ஜெட் பிடித்த கார்புரேட்டரும் நன்றாக மேப் போட்ட எஃப்.ஐ.யும் ஏறக்குறைய ஒரே திறனைத்தான் கொடுக்கும். அமெரிக்காவின் நாஸ்கார் முதல்நிலைப் பந்தயக் கார்கள் 2011 வரை கார்புரேட்டரில்தான் ஓடின. அந்த வி8 இன்ஜின்கள் 800 குதிரைக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன. 2012-இல் அவர்கள் எஃப்.ஐ.க்கு மாறியது திறன் போதவில்லை என்பதற்காக அல்ல.

கார்புரேட்டருக்குச் சாதகமாக ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதில் பெட்ரோல் வால்வுக்கு வெகு முன்னாலேயே காற்றில் கலந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் சிலிண்டருக்குள் கொஞ்சம் கூடுதலாக நிறையும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் டெய்ம்லர்-பென்ஸ் விமான இன்ஜின்கள் சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சியபோதும், ரோல்ஸ்-ராய்ஸ்காரர்கள் மெர்லின் இன்ஜினில் கார்புரேட்டரை விடாமல் வைத்திருந்ததற்கு இந்தக் குளிர்ச்சி ஒரு காரணம். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. மெர்லின் பூட்டிய ஸ்பிட்ஃபயரின் விமானி மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் ஃப்ளோட் அறைக்குள் பெட்ரோல் மேலே எகிறி, இன்ஜின் இருமிவிட்டு அடங்கும். எதிரில் வந்த ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், பெட்ரோல் வரும் வழியில் அளவாகத் துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் தடுப்பை வைத்து அதைப் பெருமளவு சமாளித்தார். இந்த அம்மையார் 1934-இல் ப்ரூக்லாண்ட்ஸ் ட்ராக்கில் நார்ட்டன் பைக்கில் மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றித் தங்க நட்சத்திரம் வாங்கியவர் என்பதை உங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

விமானம் வேண்டாம், கரி ட்ராக்குக்கே வருவோம். கடுமையாக பிரேக் பிடித்து வளைவில் நுழையும்போது ஃப்ளோட் அறையில் பெட்ரோல் மட்டம் சாயத்தான் செய்யும். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் நுரைக்கவும் செய்யும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஒரு நொடி வண்டி தடுமாறினால் ஜெட்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால் ஃப்ளோட் மட்டத்தைப் பாருங்கள்.

ஆக, கார்புரேட்டர் தோற்கும் இடம் உச்சத் திறன் அல்ல. சூழ்நிலை மாறும்போதுதான் அது திணறும். நீங்களோ மாறிக்கொண்டே இருக்கும் சூழ்நிலையில்தான் ஓட்டுகிறீர்கள். கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200-க்கு மேல். மேலே குளிர் இருப்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் காற்றின் அடர்த்தி அங்கே 16 சதவீதம் போல் குறையும். வெஞ்சுரியின் உறிஞ்சலும் அடர்த்தியோடு சேர்ந்து இறங்குவதால் கார்புரேட்டர் அதில் பாதியைத் தானே சரிசெய்துகொள்ளும். மீதிப் பாதி நிற்கும்: கலவை 9 சதவீதம் ரிச். கோவையில் 12.8 என்ற காற்று-பெட்ரோல் விகிதத்துக்குப் பிடித்து வைத்த ஜெட், ஊட்டியில் 11.7-இல் ஓடும். பிளக் கறுக்கும், பிக்கப் மந்தமாகும், மைலேஜ் இறங்கும்.

இதோடு இன்னொன்று. இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் ஒரே அளவு காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். சுத்தப் பெட்ரோலுக்கு முழு எரிப்பு விகிதம் 14.7 என்றால் இ20-க்குச் சுமார் 13.5. உங்கள் வண்டி வந்த காலத்துப் பெட்ரோலில் எத்தனால் இதைவிடக் குறைவு. சுத்தப் பெட்ரோலுக்கென்று பிடித்த ஜெட் என்று வைத்துக்கொண்டால் இ20-இல் அது 8 சதவீதம் லீன் ஆகும். வேடிக்கை என்னவென்றால், ஊட்டியில் மலையின் ரிச்சும் எத்தனாலின் லீனும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு வண்டி அருமையாக ஓடும். மேட்டுப்பாளையம் இறங்கி, அவிநாசி ரோட்டில் நல்ல வெயிலில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதுதான் பிஸ்டன் தலை காயும். "ஊட்டியில சூப்பரா இருந்துச்சு, கீழ வந்தா ஹீட் ஆகுது" என்று வரும் வண்டிகளில் நான் முதலில் மெயின் ஜெட் எண்ணைத்தான் கேட்பேன்.

எஃப்.ஐ. இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளுமா என்றால், எந்த எஃப்.ஐ. என்று கேட்க வேண்டும். கம்பெனி ஈசியூ, அதாவது எஃப்.ஐ.யை ஆட்டுவிக்கும் மின்னணுப் பெட்டி, காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து பெட்ரோலைக் குறைக்கிறது, கூட்டுகிறது. பாதி ஆக்சிலரேட்டரில் சைலன்சரில் உள்ள ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டுத் திருத்துகிறது. ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் அந்த சென்சாரை அது கேட்பதில்லை, மேப்பில் எழுதியபடிதான் ஊற்றும். ரேஸ் ஈசியூக்களில் பல, ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம் எவ்வளவு என்ற இரண்டை மட்டும் வைத்து ஓடுபவை. ரேஸ் கேம் போட்ட ஒற்றை சிலிண்டரில் இன்டேக் அழுத்தம் குதித்துக்கொண்டே இருப்பதால் அந்த முறைதான் வசதி. அப்படிப்பட்ட ஈசியூவில் வெளிக்காற்று அழுத்தத்தை அளக்கும் பாரோ சென்சார் இல்லையென்றால், ஊட்டியில் காற்று 16 சதவீதம் குறைந்தது அதற்குத் தெரியவே தெரியாது. கோவையில் ஊற்றிய அதே பெட்ரோலை ஊற்றும். கலவை 19 சதவீதம் ரிச்! கார்புரேட்டரின் 9 இதற்கு எவ்வளவோ மேல். எனவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி குதிரைத்திறன் அல்ல, "பாரோ கரெக்ஷன் இருக்கா?" என்பது.

அடுத்து உங்கள் கேம். இப்போது வண்டியில் இருப்பது சிவி வகைக் கார்புரேட்டர். நீங்கள் கேபிளில் இழுப்பது பட்டாம்பூச்சி வால்வை மட்டும். ஸ்லைடை மேலே தூக்குவது இன்ஜினின் உறிஞ்சல். அதனால்தான் ஆக்சிலரேட்டரை முரட்டுத்தனமாகத் திருகினாலும் அது மன்னித்துவிடுகிறது. ஓவர்லேப் அதிகமான ரேஸ் கேம் போட்டால் கீழ் ஆர்பிஎம்மில் அந்த உறிஞ்சல் சீராக இருக்காது, ஸ்லைடு படபடக்கும். ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினால் இன்னும் மோசம். ஃப்ளாட் ஸ்லைடில் ஸ்லைடையே கையால் இழுக்கிறீர்கள், ரெஸ்பான்ஸ் சாட்டை மாதிரி இருக்கும். ஆனால் சட்டென்று திறந்தால் காற்றின் வேகம் விழுந்து, பெட்ரோல் பின்தங்கி, வண்டி ஒரு கணம் முழுங்கும். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டராகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். அளவில் பேராசை வேண்டாம். 200 சிசிக்கு ரோட்டுக்கென்றால் 28 முதல் 30 மி.மீ., ட்ராக்குக்கு மட்டும் என்றால் 32, 33. அதற்கு மேல் போனால் பாதி ஆர்பிஎம்மில் இழுவையைத் தானம் செய்துவிட்டு ஸ்ட்ரெய்ட்டில் மட்டும் சந்தோஷப்படுவீர்கள். எஃப்.ஐ. த்ராட்டில் பாடிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பெட்ரோலை உறிஞ்சி எடுக்கக் காற்று வேகமாக ஓட வேண்டிய அவசியம் அங்கே கிடையாது. எனவே குழாயை ஒரு படி பெரிதாக வைத்துக்கொண்டே கீழேயும் ஓட்டலாம். அந்த ஒரு இடத்தில் மட்டும் பசங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆனால் எஃப்.ஐ.யில் எனக்குப் பிடித்த லாபம் பெட்ரோலில் இல்லை, ஸ்பார்க்கில் இருக்கிறது. கம்ப்ரஷனைக் கூட்டிவிட்டு, கேமையும் மாற்றிவிட்டு, கம்பெனி எழுதிய டைமிங்கிலேயே ஓட்டினால் செய்த வேலையில் பாதி வீண். கூட்டிய கம்ப்ரஷனுக்கு நாக்கிங் வராத அளவு ஒன்று, நிறையும் காற்றுக்குத் தேவையான அளவு ஒன்று என்று ஆர்பிஎம்முக்கு ஆர்பிஎம் டைமிங் மாற வேண்டும். இ20-க்கு ஆக்டேன் கொஞ்சம் கூடுதல், குளிர்ச்சியும் கூடுதல் என்பதால் அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. நல்ல ரேஸ் ஈசியூவில் பெட்ரோல் மேப்பும் ஸ்பார்க் மேப்பும் ஒரே பெட்டியில் வந்துவிடும். கார்புரேட்டரோடு இருக்கப் போகிறீர்கள் என்றால் டைமிங் மாற்றக்கூடிய சிடிஐ (ஸ்பார்க் பெட்டி) ஒன்றைத் தனியாகத் தேட வேண்டும். பசங்கள் சொல்லும் அந்த இரண்டு குதிரை எங்காவது கிடைக்கும் என்றால் இங்கேதான் கிடைக்கும்.

உங்கள் வண்டியை எஃப்.ஐ.க்கு மாற்றுவது இன்ஜெக்டர் ஒன்றை மாட்டுவதோடு முடியாது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாக இறங்கி வந்தால் போதும். இன்ஜெக்டருக்கு மூன்று பார் போல அழுத்தம் வேண்டும். அதற்கு டேங்குக்குள் பம்ப், அந்தப் பம்புக்குக் கரண்ட், கரண்டுக்குத் தெம்பான சார்ஜிங். ஈசியூவுக்கு கிராங்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று நொடிக்கு நொடி தெரிய வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளின் மேக்னெட்டில் பொதுவாக ஒரே ஒரு பல் இருக்கும், எஃப்.ஐ. மேக்னெட்டில் வரிசையாகப் பற்கள். ஆக மேக்னெட், பிக்கப் காயில், வயரிங், டேங்க், த்ராட்டில் பாடி, சென்சார்கள் எல்லாமே வரும். இன்ஜெக்டர் அளவும் கணக்காக இருக்க வேண்டும். 25 குதிரைக்கு முழுத் திறனில் நிமிடத்துக்கு 125 மி.லி. போலப் பெட்ரோல் போகும். இன்ஜெக்டரை 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, இ20-க்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும் என்று பார்த்தால் நிமிடத்துக்கு 160 மி.லி. இன்ஜெக்டர் போதும். "பெருசா போட்டா நல்லது" என்று இதைப்போல் இரண்டு மடங்கு வாங்கினால் ஐடிலிங்கில் அழுவீர்கள். 10,000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய 12 மில்லிசெகண்ட் இருக்கிறது, ஆனால் ஐடிலிங்கில் இன்ஜெக்டர் திறந்திருப்பதே இரண்டு மில்லிசெகண்ட் போலத்தான், அதிலும் ஏறக்குறைய ஒன்று அது திறப்பதற்கே போய்விடும். பெரிய இன்ஜெக்டரால் அவ்வளவு சின்னத் துளியை ஒழுங்காக அளக்க முடியாது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆகும்.

மெக்கானிக் அண்ணனின் பயத்துக்கு வருகிறேன். சென்சார் போனால் நிற்கும் என்பது முழுப் பொய்யில்லை. கிராங்க் சென்சாரோ பம்போ போனால் வண்டி நிற்கும், ரோட்டோரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மற்ற சென்சார் போனால் ஈசியூ உத்தேச எண்ணை வைத்துக்கொண்டு வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும். ரோட்டில் நிற்கும் எஃப்.ஐ. வண்டிகளில் பெரும்பாலும் நான் பார்ப்பது சென்சார் கோளாறைவிடக் கப்ளரில் தண்ணீர், தளர்ந்த எர்த் வயர், பேட்டரி வீக் ஆகியவைதான். கார்புரேட்டர் மட்டும் சாது அல்ல. இ20 தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தினால் ஃப்ளோட் அறையில் பச்சை பூக்கும், பைலட் ஜெட் அடைக்கும், பழைய ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும். அண்ணன் சொல்வதில் வேறொரு நியாயம் இருக்கிறது: அவருக்குக் கார்புரேட்டர் தெரியும். வண்டியை யார் டியூன் பண்ணப் போகிறார்கள் என்பதுதான் கருவியைவிட முக்கியம். மேப் போடத் தெரிந்தவரும் டைனோவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் விலையுயர்ந்த ஈசியூ வாங்குபவர், கம்பெனி எஃப்.ஐ.யைவிட மோசமான வண்டியைத்தான் ஓட்டுவார்.

எந்தப் பக்கம் போனாலும் முதல் செலவு வைட்பேண்ட் லாம்டா மீட்டருக்கு. சைலன்சர் பைப்பில் ஒரு நட்டு வெல்ட் செய்து அதை மாட்டுங்கள். கம்பெனி ஆக்சிஜன் சென்சார் இதற்கு உதவாது, அது ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. மீட்டரை லாம்டா அளவில், அதாவது முழு எரிப்பு விகிதத்தை 1 என்று வைத்து, படியுங்கள். 12.8, 13 என்ற எண்களில் படித்தால் இ20-இல் ஏமாறுவீர்கள். முழு ஆக்சிலரேட்டரில் 0.86 முதல் 0.88 வரை நின்றால் நிம்மதி. பிளக் நிறம் பார்த்து ஜெட் பிடிப்பது அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குச் சரியாக இருந்தது. இப்போது எத்தனால் கலந்த பெட்ரோலில் பிளக் வெளுப்பாகவே தெரியும், அதை வைத்து முடிவு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டியை ட்ராக்குக்கு மட்டும் ஒதுக்குவதாக இருந்தால் பம்ப் உள்ள 32 மி.மீ. ஃப்ளாட் ஸ்லைடு, டைமிங் மாற்றும் சிடிஐ, லாம்டா மீட்டர், ஒரு பை நிறைய ஜெட். எஃப்.ஐ. தேவையே இல்லை. ஆனால் அதே வண்டி திங்கட்கிழமை மில்லுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்கும் போக வேண்டும் என்றால் எஃப்.ஐ.தான். அதற்கும் உங்கள் வண்டியை வெட்டி ஒட்ட வேண்டாம். இதே அப்பாச்சி எஃப்.ஐ.யாகவும் வந்திருக்கிறது. நல்ல பழைய எஃப்.ஐ. வண்டி ஒன்றை வாங்கி, உங்கள் வண்டியை விற்றுவிடுங்கள். டேங்க், பம்ப், மேக்னெட், வயரிங் எல்லாம் கம்பெனி போட்டபடியே இருக்கும், மாற்ற வேண்டியது ஈசியூவும் தேவைப்பட்டால் இன்ஜெக்டரும் மட்டும். உதிரி உதிரியாக வாங்கி மாட்டும் செலவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உங்களுக்கே சிரிப்பு வரவைக்கும்.

இன்னும் இரண்டு சங்கதிகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேம், கம்ப்ரஷன், சைலன்சர் எல்லாம் மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டினால் சோதனையில் மட்டுமல்ல, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும். எனவே மலைக்குப் போகும் வண்டியில் கை வைக்கும் அளவை அடக்கிக்கொள்ளுங்கள். அடுத்து, நாளைக்கு கரியிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ரேஸில் இறங்கும் எண்ணம் இருந்தால் எந்த வகுப்பில் இறங்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அந்த வகுப்பின் விதிப் புத்தகத்தைப் படித்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். கம்பெனி வண்டிகளுக்கான வகுப்பில் இறங்குவதாக இருந்தால் இந்தப் பட்டியலில் பாதியைத் தொடக்கூட விடமாட்டார்கள்.

கார்புரேட்டரோடுதான் என்று முடிவு செய்தால், இன்ஜின் வேலை முடிந்து முதல் தடவை ட்ராக்குக்குப் போகும்போது மெயின் ஜெட்டை இரண்டு எண் பெரிதாகப் போட்டுத் தொடங்குங்கள். முதலில் முழு ஆக்சிலரேட்டரில் மெயின் ஜெட், அடுத்து பாதியில் நீடில் கிளிப், கடைசியில் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மீட்டரில் வரும் எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.